பின்னாலிருந்து எண்ணு

லாரி காலையிலிருந்து கூடாரத்துக்குப் பின்னால் நிற்கிறது, பின்கதவு திறந்தபடி, வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்ட நாய் மாதிரி. கோதுமை மாவு இறங்கியாச்சு, உருளைக்கிழங்கு இறங்கியாச்சு, எங்கள் வாய்க்கு எட்டாத முட்டைகள்கூட இறங்கியாச்சு, இருந்தும் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும், எங்களில் ஒருத்தனை ஏற்றிக்கொண்டுதான் போகும். மணலில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன், நடக்கும்போது எந்த வரிசையோ அதே வரிசை, பேசக் கூடாது, திரும்பக் கூடாது. ஒவ்வொருத்தனாகக் கூப்பிடுவார்கள், உள்ளே போய் ஒரே ஒரு பெயர் சொல்லணும், நிஜச் சண்டைக்குப் போகும்போது இந்தக் குழுவில் எவனை நீ கூட்டிப்போக மாட்டாய் என்று. காரணம் கேட்க மாட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. மலை ஏறியாச்சு, கிணற்றில் கை கால் கட்டிக் குதித்தாச்சு, தூங்காமல் நடந்தாச்சு, இனி கடைசிப் பரீட்சை நாக்குக்கு. நாங்கள் அதற்குக் கழித்தல் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம், பெயர் வைத்தது நான்தான், எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பது நான்தான், சிரிக்க வைப்பதும் நான்தான், சிரிக்க வைக்கிறவனை எவனாவது கழிப்பானா, கழிக்க மாட்டான், சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி நான் இவர்களுக்கு, ஆனால் மூட்டை கனத்தால் முதலில் தூக்கிப் போடுவது உப்பைத்தானே, சீ, வாயை மூடுலே மனசு.

நான் ஆறாவது. வால். இந்தப் படையில் சேரணும் என்று வந்த அன்றைக்கே எல்லார் கையிலிருந்தும் ரேங்க் பட்டையை உருவிவிட்டார்கள், எங்கள் குழுத் தலைவன் ஹரியானாக்காரன் தல்பீர் பழைய பட்டாலியனில் நாயக், இரண்டு பட்டை, இப்போதும் யோசிக்கும்போது பட்டை இருந்த இடத்தைச் சொறிகிறான், அறுத்த கை அரிக்குமாம், அது மாதிரி. இங்கே ரேங்க் கிடையாது, வேலைதான் உண்டு, முன்னால் போகிற கெவி கையைத் தூக்கினால் பின்னால் ஜெனரலே வந்தாலும் மண்ணில் படுக்கணும், கெவி எங்கள் எல்லாரிலும் குட்டையான நாகாலாந்துப் பையன், அவன்தான் முதல் கண். இரண்டாவது தல்பீர். மூன்றாவது ரேடியோ, அது ஷைஜு, மலையாளி. நான்காவது மருந்துப் பை, மராத்திக்காரன் பாபன். ஐந்தாவது பெரிய துப்பாக்கி, அதைச் சுமக்கிறவன் போளூர் கோவர்த்தனன், என் ஜோடி. ஜோடி என்றால் ஒரே தட்டில் தின்னணும், ஒரே போர்வையில் படுக்கணும், ஒருத்தன் தப்புப் பண்ணினால் இருவரும் உருளணும், கல்யாணம் மாதிரிதான், பந்திச் சாப்பாடு மட்டும் கிடையாது. ஆறாவது நான், என் வேலை பின்னால் பார்ப்பது, எனக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருத்தன்கூட இருக்கக் கூடாது, அதுதான் வாலுக்கு ஒரே சட்டம். சுபேதார் ரத்தூரி சாப் முதல் நாளே சொன்னார், குரலை உயர்த்தவே மாட்டார் மனிதர், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான் திட்டுவார், "முதல் ஆள் சாவை முதலில் பார்ப்பான் பேட்டா, கடைசி ஆள் எல்லாரையும் கடைசியாகப் பார்ப்பான்." மகனே என்கிற அந்த பேட்டாவை, அவர் குரலிலேயே, நான் அன்று மாலையே பிடித்துவிட்டேன், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக் காற்றை மட்டும் விட்டால் போதும். பிடித்ததும் கை காலெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடும் பாருங்கள், அதற்காக எதையும் செய்யலாம். எல்லார் முதுகும் எனக்குத் தெரியும், எல்லார் குரலும் எனக்குத் தெரியும், என் முதுகை எவனும் பார்த்ததில்லை.

கெவி போய்விட்டான். கூடாரத்தின் துணி அவனை விழுங்கி மூடிக்கொண்டது. உள்ளே கேப்டன் சாப், பக்கத்தில் ரத்தூரி சாப், வேறு யாரும் இல்லை. கெவி என் பெயரைச் சொல்ல மாட்டான், என் பெயரை அவனால் உச்சரிக்கவே முடியாது, இன்பராஜ் என்பதை இம்பிராஸ் என்பான், வாயில் வராத பெயரை எவன் சொல்வான், தப்பித்தோம். இந்தப் பெயர் இப்போது திசையன்விளை முக்குரோட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், மாமா அவசரப்பட்டு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார், எவனோ ஒரு சிப்பாயின் உடம்பில் என் தலையை ஒட்டி, பக்கத்தில் ஒரு சிறுத்தை, தலையில் அரக்கு நிறத் தொப்பி, நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத தொப்பி, சிறப்புப் படை வீரர், எங்கள் குலவிளக்கு. போனில் சொன்னேன், மாமா இன்னும் எடுக்கலை, சேர்க்கிறதுக்கு முன்னாடி கழிப்பாங்க. "ஏல, உன்னையா கழிப்பான்? நீ பேசினா பொணமே சிரிக்கும்லா." சிரிக்கும், சிரித்திருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் மைக் அறை திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே போய் அந்த அறிவிப்புக்காரர் குரலிலேயே நாகர்கோவில் வண்டி தூத்துக்குடி போகும் என்று சொல்லி ஒரு பஸ் ஜனத்தை ஏற்றிவிட்டவன் நான், ஹெட்மாஸ்டர் குரலில் லீவு விட்டவன், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அடுத்த அறையிலிருந்து அப்பா குரலில் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, அப்பாவையே வாசலில் திகைத்து நிற்க வைத்தவன். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். ரயில் ஏற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இனியாச்சும் ஒரு தொண்டையில பேசு, எது நீன்னே எனக்குத் தெரியலை" என்றாள். நான் அதையும் அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னேன். ரயில் பெட்டியே சிரித்தது. அவள் கம்பியை விட்டுவிட்டாள்.

தல்பீர் போனான். ஷைஜு போனான். போகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கமாக வெளியே போய் வன்னிமரத்தடியில் உட்காருகிறார்கள், இந்தப் பக்கம் பார்ப்பதில்லை, சாவு வீட்டில் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஒரு முகம். தல்பீர் யாரைச் சொல்லியிருப்பான், பாபனைத்தான், பாபன் மருந்துப் பையில் பிஸ்கெட் ஒளித்தான், ஷைஜு தல்பீரைச் சொல்லியிருப்பான், பாபன் எவனையாவது சொல்லுவான், ஆக எனக்கு ஒன்றும் விழாது, அன்று புயலில் நடந்தது மட்டும் தெரியாமல் இருந்தால். தெரியாது. யாருக்கும் தெரியாது, எனக்கும் கோவர்த்தனனுக்கும் தவிர. அன்று பட்டப்பகலில் மண் எழுந்தது, இந்த ஊரில் புயல் என்றால் மழை இல்லை, மண், சுவர் மாதிரி எழுந்து வந்து சூரியனை அணைத்துவிட்டது, கையை நீட்டினால் விரல் தெரியாது, வாய்க்குள் மண், பல்லுக்கு நடுவில் மண். அப்படிப்பட்ட நேரத்தில் தலைவன் "கின்தி!" என்று கத்துவான், எண்ணு என்று அர்த்தம், பின்னாலிருந்து ஒவ்வொருத்தனாகத் தன் எண்ணைச் சொல்லணும், ஹிந்தியில்தான், சே, பாஞ்ச், சார், தீன், தோ, ஏக், ஆறிலிருந்து ஒன்று வரைக்கும் குரல் கையிலிருந்து கைக்கு வாளி போகிற மாதிரி முன்னால் போகும், ஒரு வாளி குறைந்தால் எல்லாரும் நிற்கணும், திரும்பணும், தேடணும். எனக்கு முன்னால் நடந்த முதுகு திடீரென்று கீழே போயிற்று. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், பூட்ஸுக்குள் தோல் உரிந்து சதையாகி இருந்தது அவனுக்கு, ஏற்கெனவே இரண்டு தரம் பின்தங்கியிருக்கிறான், மூன்றாவது தரம் என்றால் நேரே லாரிதான். "நீ போ மச்சி," என்றான், "காலைக் கட்டிக்கினு ஓடியாந்துர்றேன்." கின்தி கேட்டா என்னலே பண்ண? "நீதான் கீறியே," என்றான். மண்ணுக்குள்ளிருந்து சிரித்தான் கழுதை. நீதான் கீறியே. அவனைத் தாண்டி நடந்தேன். முன்னாலிருந்து கின்தி வந்தது. என் குரலில் சே சொன்னேன், அதே மூச்சில் ரெண்டு எட்டு முன்னால் வைத்து, கல் உருளுகிற மாதிரி இருக்கும் அவன் குரல், தொண்டையில் அந்தக் கல்லைப் போட்டு, பாஞ்ச் சொன்னேன். அவன் பாஞ்சைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சலித்துவிடும், கடைசி எழுத்தை மென்று விழுங்குவான், அதையும் விழுங்கினேன். சார் என்றான் பாபன். தீன். தோ. ஏக். நடந்தோம். அத்தனை பயத்திலும் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து ஏறியது, பொய் சொல்லவில்லை, ஏறியது. அடுத்த நிறுத்தத்தில் மண் அடங்கியபோது கோவர்த்தனன் எனக்கு முன்னால் நின்றான், எப்படி வந்தான், எப்போது என்னைத் தாண்டினான், தெரியாது, நின்றான், முகமெல்லாம் மண், ஈரமாக உதடு.

ஈரமாக உதடு. இதை எத்தனை தரம் யோசிக்கிறேன். எங்கள் தண்ணீர் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது, இருவருக்கும் சேர்த்து ஒரே பாட்டில்தான், அது என் இடுப்பில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சரி, வியர்வை. வியர்வைதான். இப்போது என் முன்னால் இருக்கிற இந்த முதுகு வியர்த்திருக்கிறது, சட்டையில் உப்பு வட்டம் வட்டமாகக் காய்ந்திருக்கிறது. பாபனும் போய்விட்டான், மிச்சம் நாங்கள் இரண்டு பேர். டேய், என்றேன் உதடு அசையாமல், அது எனக்கு எளிது. "இன்னா." யார் பேர்லே சொல்லப் போற? "பேசாத. பாக்குறாங்க." சொல்லுலே. நான் பாபன் பேர்தான், ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா கணக்கு முடிஞ்சிரும். முதுகு அசையவில்லை. "வெயில் ஏறுது," என்றது, "தொப்பிய இழுத்து வுடு." இது என்ன பதில். என் தொப்பியைப் பற்றி உனக்கு என்ன. நேற்று வரை என் தட்டில் தின்றவன், என் காலைத் தன் மடியில் போட்டு முள் எடுத்தவன். தட்டு. அதுவும் ஒன்று இருக்கிறது, தொண்டையில் மீன்முள் மாதிரி. புயலுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சாயங்காலம், எல்லாரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ரத்தூரி சாப் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், இன்றைக்கு யார் கச்சேரி என்றார், நான் கேப்டன் சாப்பைச் செய்தேன், சமையல்காரனைச் செய்தேன், உருண்டு உருண்டு சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்புறம் ரொட்டியைக் கிழித்துக்கொண்டே மெதுவாக, "கோவர்த்தன் வருமா பேட்டா?" என்றார். கஷ்டம் சாப், தொண்டையில ஒரு கல் இருக்கு என்று சொல்லிவிட்டு, வராமல் என்ன, பாஞ்சே செய்து காட்டினேன், வேறு எந்தச் சொல்லும் அப்போது வாயில் வரவில்லை, பாஞ்ச். எல்லாரும் கை தட்டினார்கள். ஷாபாஷ் என்றார். கோவர்த்தனன் மட்டும் தட்டைப் பார்த்தான். சிரிக்கவில்லை, தலை நிமிரவில்லை, தட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் தட்டைப் பார்த்தான். ஏன் பார்த்தான். தன் குரலை இன்னொருத்தன் வாயில் கேட்டால் கூசும், அதற்காக இருக்கும். அம்மாவும் கம்பியை விட்டாளே. அதற்காகத்தான் இருக்கும். ஐந்து, என்று கூப்பிடுகிறார்கள். முதுகு எழுந்தது. எழும்போது, இன்று சுமப்பது அவன் முறை, இடுப்பிலிருந்து பாட்டிலை அவிழ்த்து, திரும்பாமலே, எனக்கு முன்னால் மணலில் வைத்தான். நிறைய இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை அவன்.

இப்போது எனக்கு முன்னால் முதுகு இல்லை. இத்தனை காலத்தில் முதல் தடவை. மணல்தான், அதற்கு அப்பால் துணி, அதற்கு அப்பால் லாரி. முன்னால் யாருமில்லாவிட்டால் வால் எது, தலை எது. தண்ணீரைக் குடிக்கலாமா, குடிக்கக் கூடாது, இது எதற்கு வைத்தான், ஆட்டுக்கு மஞ்சத்தண்ணீர் ஊற்றித் தலையாட்ட விடுவார்களே, அதற்கா. இல்லை, அன்புதான், வெயில் ஏறுது என்றானே. நான் பாபன் பேரைச் சொல்கிறேன். இல்லை, இவன் பேரைச் சொன்னால் என்ன, பின்தங்கினவன் இவன், மூன்றாவது தரம் பின்தங்கினவன், உண்மையைச் சொன்னால் யார் தப்பு சொல்ல முடியும், மாமா ஃபிளெக்ஸைக் கிழிக்க வேண்டாம். உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்கிறான். ஒரு பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். "ஆறு." போனேன். உள்ளே மதியமே இல்லை, பச்சை வெளிச்சம், மேஜை, கேப்டன் சாப் பேனாவைத் திருகிக்கொண்டிருக்கிறார், ரத்தூரி சாப் நிற்கிறார், குரலை உயர்த்தாத அந்த மனிதர், "அன்றைக்குப் புயலில் உன் ஐந்து எங்கே இருந்தான் பேட்டா?" என்கிறார். முன்னால் சாப், என்கிறேன், என் குரல் சரியாகவே வருகிறது. "இல்லை. என் பக்கத்தில் இருந்தான். உங்களுக்குப் பின்னால் நான் எப்போதும் வருவேன், அது உங்களுக்குத் தெரியாது. என் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேரும் உட்கார்ந்து அவன் குரலைத் தூரத்திலிருந்து கேட்டோம்." ஈரமாக உதடு. தட்டு. எல்லாம் இப்போதுதான் கணக்கில் சேர்கிறது. "அவனிடம் நான்தான் வாயைத் திறக்காதே என்றேன். நீயாக வருவாயா என்று பார்த்தேன். கச்சேரிதான் நடந்தது." ரத்தூரி சாப் என் சட்டைக் காலரைச் சரி செய்கிறார், அப்பா மாதிரி, "விழுந்தவனைத் தூக்கிவிடலாம் பேட்டா. விழுந்தவன் நின்றுகொண்டிருக்கிறான் என்று சொல்கிற ஒருத்தன் வரிசையில் இருந்தால், விழுந்தவனைத் தேடி ஒருத்தனும் திரும்பி வர மாட்டான்." அவன்தான் கேட்டான் சாப், நீதான் கீறியே என்று அவன்தான் சொன்னான். இது நாக்கு நுனி வரை வந்தது. இதைச் சொன்னால் அதுவே பெயர் சொன்னதுதான். விழுங்கினேன், அவன் கடைசி எழுத்தை விழுங்குகிற மாதிரி. இத்தனை நாள் தெரிந்துகொண்டே என் ரொட்டியைக் கிழித்துத் தின்றிருக்கிறான், கட்டளை, சரி, கட்டளைக்குக் கீழ்ப்படிகிற ஜோடி, எவ்வளவு நல்ல ஜோடி. "பெயர்," என்றார் கேப்டன் சாப். வாயைத் திறந்தேன். பாபன் என்றுதான் சொல்ல வந்தேன், சத்தியமாக. வந்தது கல்லோடு, சலிப்போடு, போளூர்க் குரல், "இன்பராஜ்." கொஞ்ச நேரம் முன்னால் இதே இடத்தில் இதே மாதிரிதான் சொல்லியிருப்பான், கேட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது, ஒரு பிசிறு மாறவில்லை. கேப்டன் சாப் பேனாவை வைத்தார். "சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது." நான் சொல்லலை சாப், என்றேன், அவன் சொன்னது.

கேப்டன் சாப் இல்லை என்று சொல்லவில்லை. ரத்தூரி சாப் கூடாரத் துணியைத் தூக்கிப் பிடித்தார், வன்னிமரப் பக்கம் அல்ல, லாரிப் பக்கம். என் மூட்டை ஏற்கெனவே ஏறியிருந்தது, யார் கட்டினார்கள், முடிச்சைப் பார்த்தாலே தெரிகிறது, எங்கள் இருவருக்கும் அவன்தான் கட்டுவான், இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். காலி முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன், பின்கதவுப் பக்கமாக, பின்னால் பார்த்தபடி, பழக்கம். மரத்தடியில் ஐந்து முகங்கள், இவர்களை முகமாகப் பார்த்துப் பழக்கமே இல்லை எனக்கு, எது எவன் என்று ஒரு கணம் குழம்பியது. கெவி கையைத் தூக்கினான், நில் என்கிற சைகையா, டாட்டாவா, இரண்டுக்கும் அவனுக்கு ஒரே கைதான். கோவர்த்தனன் எழுந்து நின்றான். நொண்டிக்கொண்டு ரெண்டு எட்டு வந்தான், அதற்கு மேல் வரவில்லை. பாட்டில் என் மடியில் இருந்தது. குடிக்கவில்லை. டிரைவர் கேபினிலிருந்து தகரத்தைத் தட்டினான், புது ஆள், ரேஷன் போடத்தான் வந்தவன், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று அவனுக்கு எவனும் சொல்லவில்லைபோல. "பின்னால எத்தனை பேருப்பா? கின்தி குடு, கிளம்பணும்." கின்தி. முதல் எண் என்னுடையது. சே சொல்ல வேண்டிய நேரத்தைச் சும்மா விட்டேன், ஒரு மூச்சு, வெறும் மூச்சு. பிறகு தொண்டையில் கல்லைப் போட்டுப் பாஞ்ச் சொன்னேன், ஊசி போடப் போகிற நர்ஸ் மாதிரி மெதுவாகப் பாபனின் சார், கேள்வி கேட்கிற மாதிரி இழுத்து ஷைஜுவின் தீன், டிராக்டர் உறுமுகிற மாதிரி தல்பீரின் தோ, கடித்துத் துப்பி கெவியின் ஏக். ஒரு பிசிறு இல்லை. அந்தக் குளிர்ச்சி மட்டும் வரவில்லை. "அஞ்சு பேரா," என்றான் டிரைவர், "சரி," வண்டியைக் கிளப்பினான்.